கொதிக்க வைத்தால் போதுமா?

"தண்ணியை நல்லாக் கொதிக்க வச்சுத்தானே டிரசரையா குடிக்கிறோம், அப்புறம் என்ன பயம்?" என்று தோட்டத்துத் தாய்மார்கள் என்னிடம் கேட்பது வழக்கம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. சின்ன வயசிலிருந்து பள்ளிக்கூடத்திலும் கிளினிக்கிலும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். வாந்திபேதி, டைபாய்டு, சீதபேதி இவற்றை உண்டாக்கும் கிருமிகள் தளதளவென்று கொதிக்கிற தண்ணீரில் செத்துப் போகும். ஆகவே அந்தப் பழக்கத்தை யாரும் விட்டுவிட வேண்டாம்.

ஆனால் தண்ணீரில் கலக்கிற அழுக்கு எல்லாமே உயிருள்ள கிருமி இல்லையே! ஒரு பிடி உப்பைச் சட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துப் பாருங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். மிஞ்சிய தண்ணீர் முன்னைவிட அதிகமாகக் கரிக்கும். காட்டில் நாம் போடுகிற உரமும் ஒருவகை உப்புத்தான். அது கிணற்றில் இறங்கிவிட்டால், அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். களைக்கொல்லி மருந்துகளிலும் பலவற்றுக்கு இதே கதைதான்.

தோழர்களே, இந்த மாதம் இதைப்பற்றி எழுதக் காரணம் உண்டு. தண்ணீர் என்றால் அது அடுப்படி விஷயம், பொம்பளைங்க பார்த்துக்குவாங்க என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. குடத்துத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதில் பெரும்பங்கு அது வீட்டுக்கு வருவதற்கு முன்பே, செம்பனை நிரையில், உர மூட்டை அவிழ்க்கிற இடத்தில், மருந்துப் பம்பு கழுவுகிற வாய்க்காலில் தீர்மானமாகிவிடுகிறது. அந்த இடங்களில் வேலை செய்பவர்கள் நாம்தான்.

முதலில் உரத்தை எடுத்துக்கொள்வோம். யூரியாவோ அமோனியாச் சத்துள்ள வேறு உரமோ மண்ணில் விழுந்தால், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் என்ற பொருளாக மாற்றுகின்றன. மரத்துக்கு அது சாப்பாடு. ஆனால் அந்த நைட்ரேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. வேர் எடுத்தது போக மிச்சம் மழைத் தண்ணீரோடு கீழே கீழே இறங்கி நிலத்தடி நீரில் சேர்ந்துவிடும். அதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, நாக்கிலும் தெரியாது. "கண்ணாடி மாதிரி தெளிஞ்ச தண்ணி" என்று நாம் மெச்சுகிற கிணற்றிலும் அது இருக்கலாம்.

பெரியவர்களின் உடம்பு ஓரளவு தாங்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பச்சைக் குழந்தை தாங்காது. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில் மாவு கரைத்துக் கொடுத்தால், நைட்ரேட் வயிற்றுக்குள் நைட்ரைட்டாக மாறி இரத்தத்தில் ஏறும். இரத்தத்தின் சிவப்பணு காற்றைச் சுமக்க முடியாமல் போய்விடும். குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாரிக்கும், மூச்சு வாங்கும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்துப் பண்ணைக் கிணறுகளால் குழந்தைகளுக்கு இப்படி நேர்ந்ததை 1945இல் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர் எழுதி வெளியிட்டார். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு லிட்டர் குடிநீரில் நைட்ரேட் 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரம் அதையே நைட்ரஜன் கணக்கில் 10 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது; இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இது நம் தோட்டங்களில் தினமும் வருகிற நோய் என்று சொல்லிப் பயமுறுத்த நான் வரவில்லை. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு இந்த ஆபத்து இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பவுடர் பால் கரைக்கிற வீட்டில், அதுவும் செம்பனைக் காட்டுக்கு நடுவே இருக்கிற கிணற்றுத் தண்ணீரானால், பரிசோதித்துப் பார்க்காமல் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். உதடு நீலமானால் வைத்தியம் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

"எங்க தோட்டத்துக்குப் பைப்புத் தண்ணி வந்தாச்சே, எங்களுக்கு என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பைப்புத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கிளந்தானில் நிலத்தடி நீரைப் பெரிய அளவில் இறைத்துத்தான் ஊருக்கு விடுகிறார்கள். மற்ற மாநிலங்களில் பெரும்பாலும் ஆறும் அணையும்தான். அந்த ஆற்றில் மழை இல்லாத மாதங்களிலும் தண்ணீர் ஓடுகிறதே, அது ஏது? மண்ணுக்குள் இறங்கிய மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஓடைக்கு வருகிறது. ஆகவே நிலத்தடி நீர் வேறு, ஆற்று நீர் வேறு என்று பிரித்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா ஏறிப்போய், அங்கிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் எடுக்கிற சுத்திகரிப்பு நிலையத்தையே கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. உரம், கோழிச்சாணம், ஆலைக்கழிவு, குப்பைமேடு இவை எதிலிருந்தும் அமோனியா வரும். வந்துவிட்டால் பெரிய பெரிய இயந்திரம் வைத்திருக்கிற நிலையமே கதவைச் சாத்த வேண்டியிருக்கிறது. நம் வீட்டுச் சட்டி எம்மாத்திரம்? தவிர, பைப்புத் தண்ணீர் இரண்டு நாள் தடைப்பட்டால் நாம் எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு பழைய கிணற்றுக்குத்தானே போகிறோம்!

சரி, காட்டில் என்ன செய்ய வேண்டும்?

உரம் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. ஒரு மரத்துக்கு ஒரு தடவைக்கு இரண்டரை கிலோ என்று சொல்லியிருந்தால், 50 கிலோ மூட்டை 20 மரத்துக்கு வரவேண்டும். அதைப் பத்து மரத்தடியில் கொட்டிவிட்டுப் போனால் அந்தப் பத்து மரமும் இரண்டு மடங்கு சாப்பிடப் போகிறதா? வேருக்கு எட்டியதை எடுக்கும், மீதி மண்ணுக்குள் போகும். குவியலாகக் கொட்டாமல் பரவலாகத் தூவ வேண்டும், அதையும் செம்பனையின் தீனி வேர்கள் மேலோடு படர்ந்திருக்கிற இடத்தில் தூவ வேண்டும். வருஷத்துக்கு உள்ளதை ஒரே தடவையாகப் போடாமல் பிரித்துப் பிரித்துப் போட வேண்டும். வானம் கறுத்துக்கொண்டு வரும்போது போடவே கூடாது. நம் நாட்டு மழை சாதாரண மழையா? பல இடங்களில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டர் கொட்டுகிறது. காலையில் போட்ட உரம் சாயங்கால மழையில் வாய்க்கால் வழியே போனால், மானேஜர் பணமும் போச்சு, நம் தண்ணீரும் கெட்டுப் போச்சு.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் சில இடங்களில் குவியலாகக் கொட்டுகிறார்கள்? தொழிலாளியின் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இத்தனை மூட்டை முடித்தால் இத்தனை வெள்ளி என்று கணக்கு வைத்தால் மனிதன் எதைப் பார்ப்பான்? மூட்டை காலியாவதைத்தான் பார்ப்பான். காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிற வெளிநாட்டுத் தோழர்கள் நிலைமை இன்னும் மோசம். எந்த மரத்துக்கு எவ்வளவு, ஏன் ஓடை ஓரம் போடக் கூடாது என்று அவர்களுடைய பாஷையில் எடுத்துச் சொல்வாரும் இல்லை. மண்டோர் கையைக் காட்டுவார், அவர்கள் போடுவார்கள், அவ்வளவுதான். மழை என்று வேலையை நிறுத்தினால் அன்றையக் கூலி என்னாவது என்ற பயம் வேறு. ஆகவே கூட்டு ஒப்பந்தம் பேசுகிற நேரத்தில் உரம் போடும் கூலி எந்த அடிப்படையில் கணக்கிடப்படுகிறது என்பதையும் சங்கம் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நன்றாகத் தூவியவனுக்கும் கொட்டிவிட்டு வந்தவனுக்கும் ஒரே கூலி, அதிலும் கொட்டியவனுக்குச் சீக்கிரம் கூலி என்றிருந்தால், சுகாதாரம் பேசி என்ன பிரயோசனம்?

அடுத்தது மண்ணை மூடி வைப்பது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ரப்பர்த் தோட்டங்களை வெள்ளைக்காரத் துரைமார் ஒரு புல் பூண்டு இல்லாமல் வழித்து வைத்திருந்தார்கள். பெருக்கிய வாசல் மாதிரி இருந்தால்தான் நல்ல தோட்டம் என்று அவர்களுக்கு ஒரு பெருமை. அந்தப் புல்லைக் கொத்தியவர்கள் நம் பாட்டனும் பாட்டியும்தான். விளைவு என்ன? மேல்மண் முழுவதும் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. பட்ட பிறகுதான் மூடுகொடி போடும் பழக்கம் வந்தது. இன்று மறுநடவு செய்த இளம் செம்பனைக் காட்டில் பச்சைப் பசேல் என்று தரையை மூடிக்கொண்டு கிடக்கிற பியூரேரியா, மியூக்குனா கொடிகளைக் களை என்று நினைத்து யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. இளம் மரத்தின் வேர் சிறிசு; அந்த வயதில்தான் உரம் அதிகமாகக் கீழே இறங்கும். கொடி அதை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது, மழைத்துளி மண்ணை அறையாமல் தடுக்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனை வேர்முடிச்சில் சேர்த்து வைத்து வாங்குகிற உரத்தையும் குறைக்கிறது. மியூக்குனாவை மாடு அவ்வளவாக வாயில் வைக்காது என்பதில் மாடு வளர்க்கும் நம்மவர்களுக்கு வருத்தம் இருக்கலாம்!

மரம் வளர்ந்து நிழல் கட்டிவிட்டால் கொடி மெலிந்துவிடும். அப்போது கை கொடுப்பது நாம் வெட்டிப் போடுகிற மட்டை. சரிவான நிலத்தில் மட்டையை மேலிருந்து கீழாக அடுக்கினால் அது தண்ணீருக்குப் பாதை போட்டுக் கொடுத்த மாதிரி. சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் ஓடுகிற தண்ணீர் அங்கே நின்று, மண்ணைப் படியவிட்டு, நிதானமாக நிலத்துக்குள் இறங்கும். வேலை ஒன்றுதான், அடுக்குகிற திசை மட்டும்தான் வேறு. ஆலையில் பழம் உதிர்த்தபின் மிஞ்சுகிற வெற்றுக் குலைகளை மரத்தருகே பரப்புவதும் இதே பலனைத் தரும்.

இதையெல்லாம் செய்யாமல் விட்டால் மண் எங்கே போகும் என்று தெரிய வேண்டுமானால் கேமரன் மலைக்குப் போய் ரிங்லெட் ஏரியைப் பாருங்கள். 1960களில் அணை கட்டித் தேக்கிய ஏரி அது. மலைச்சரிவில் காட்டை அழித்துப் போட்ட தோட்டங்களிலிருந்து வந்த சேற்றால் தூர்ந்து, வாரி வாரிக் கொட்டியும் தீரவில்லை.

இப்போது ஓடைக்கரை. ஆற்றின் இரு கரையிலும் ஒரு பட்டை நிலத்தைத் தொடாமல் விட வேண்டும் என்பது வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. ஓடை 5 மீட்டருக்குக் குறைந்த அகலமானால் கரைக்கு 5 மீட்டர். 10 மீட்டர் வரை அகலமானால் 10 மீட்டர். 20 வரை 20. 40 வரை 40. அதற்கும் மேற்பட்ட பெரிய ஆறு என்றால் 50 மீட்டர். அந்தப் பட்டையில் உரமும் கிடையாது, மருந்தும் கிடையாது. புல்லும் புதரும் அங்கே வளர்ந்தால் அசிங்கம் அல்ல. மேட்டிலிருந்து வருகிற சேற்றையும் உரத்தையும் வடிகட்டுவது அந்தப் புதர்தான். 2020 ஜனவரி முதல் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட எம்.எஸ்.பி.ஓ. தரச் சான்றிதழிலும் ஆற்றுக்கரைப் பாதுகாப்பு உண்டு. சில தோட்டங்களில் எல்லை மரங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசி அடையாளம் வைத்திருக்கிறார்கள். தணிக்கைக்காரர் வருகிற வாரம் மட்டும் அந்தச் சாயத்துக்கு மரியாதை, மற்ற நாளில் பம்பு அந்தப் பக்கமும் போகிறது என்றால் அது யாரை ஏமாற்றுகிற வேலை?

மருந்து விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எல்லா மருந்தும் ஒரே மாதிரி நிலத்தடி நீருக்குப் போவதில்லை. பாராகுவாட் களிமண்ணில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் கிணற்றுக்கு இறங்குவது அபூர்வம். அதன் கொடுமை நேரடியாக மனித உடம்பில்தான் தெரிந்தது. 2002இல் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் சேர்ந்து தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்களின் நிலையை ஆராய்ந்து வெளியிட்டன. அதே 2002இல் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் அதைத் தளர்த்தியது, கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதி முதல்தான் முழுத்தடை வந்தது. அதற்குள் எத்தனை பேர் தோலும் நகமும் வெந்தார்கள் என்பதை இந்த வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிற என் போன்றவர்கள் அறிவோம். இன்று பரவலாக அடிக்கிற கிளைபோசேட்டும் மண்ணில் ஒட்டுகிற மருந்துதான்; அது பெரும்பாலும் மண்ணோடு சேர்ந்து அடித்துக்கொண்டு போய் ஓடையில் விழுகிறது. அது புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் வகைப்படுத்தியது. 2,4-டி போன்ற மருந்துகளோ தண்ணீரோடு சுலபமாக நகரக் கூடியவை. ஆகவே "இது ஒண்ணும் பண்ணாது" என்று மண்டோர் சொல்வதை எல்லா மருந்துக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள்.

காட்டில் தெளித்த மருந்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது கலக்குகிற இடமும் கழுவுகிற இடமும்தான். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதே என்று ஓடை ஓரத்திலேயே மருந்தைக் கலக்குவது, வேலை முடிந்ததும் பம்பையும் கையுறையையும் அதே தண்ணீரில் அலசுவது, இதெல்லாம் பல இடங்களில் நடக்கிறது. கலக்காத மருந்து அரைப் போத்தல் சரிந்தால் போதும், நாள் முழுக்கத் தெளித்ததைவிட அதிகமாகத் தண்ணீரில் சேர்ந்துவிடும். மருந்து கலக்க என்று சிமெண்டுத் தரையும் தண்ணீர்த் தொட்டியும் போட்ட இடம், கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி இருக்க வேண்டும். இது நிர்வாகம் கட்டித் தர வேண்டியது, தொழிலாளி பிரட்டுக்களத்திலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து போய்ச் செய்ய வேண்டியது அல்ல. காலியான போத்தலை மூன்று தடவை அலசி, அலசிய தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றிக் காட்டில் அடித்துவிட்டு, போத்தலில் ஓட்டை போட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த டின்னில் தண்ணீர் பிடித்து வைப்பதை நான் இன்னும் சில வீடுகளில் பார்க்கிறேன். அம்மா, தங்கச்சி, எத்தனை தடவை கழுவினாலும் அது வேண்டாம்!

மருந்தைக் குறைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. எலிக்குக் கூண்டு ஆந்தை வளர்க்கிற தோட்டங்கள் எத்தனையோ. ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும். ரோட்டோரம் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கிற செடிகளை நட்டு வைத்திருப்பது அழகுக்காக மட்டுமல்ல; இலை தின்னும் கூட்டுப்புழுவை அழிக்கிற குளவிகள் அந்தப் பூவில்தான் தேன் குடிக்கின்றன. அவற்றைப் புல்லோடு சேர்த்து வெட்டிவிடாதீர்கள்.

நம் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிணற்றிலிருந்து மாட்டுக்கொட்டகையும் சாணக்குழியும் கக்கூஸ் தொட்டியும் 30 மீட்டராவது தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கமாக இருக்க வேண்டும். கிணற்றைச் சுற்றிச் சிமெண்டுத் தரையும் மேலே மூடியும் அவசியம். சாணத்திலும் கிருமி உண்டு, நைட்ரேட்டும் உண்டு. நிர்வாகத்தைக் குறை சொல்லுமுன் இதைச் சரி செய்துவிட்டால் நம் பேச்சுக்கும் பலம் வரும்.

சட்டம் போட்டால் தண்ணீர் சுத்தமாகுமா என்று கேட்கிற அவநம்பிக்கைக்காரர்களுக்கு ஒரு உதாரணம். செம்பனை ஆலைக் கழிவுநீர் ஒரு காலத்தில் அப்படியே ஆற்றில் விடப்பட்டது. ஆறு கறுத்து, மீன் செத்து மிதந்தது. அந்தக் கழிவின் அழுக்கை அளக்கும் பி.ஓ.டி. கணக்கு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977இல் விதிமுறை வந்தது. 1978இல் 5,000 என்று எல்லை வைத்து, ஆண்டுக்காண்டு இறக்கி, 1984க்குள் 100க்குக் கொண்டு வந்தார்கள். ஆலைகள் மூடிப் போகவில்லை. குளம் வெட்டினார்கள், கழிவைப் புளிக்க வைத்துத் தெளிய வைத்தார்கள், உரமாகவும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். இன்றும் தவறு செய்யும் ஆலைகள் உண்டுதான். ஆனாலும் அன்றைய நிலைமையோடு இதை ஒப்பிட முடியாது.

நம் கையிலும் சட்டம் இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் குடியிருப்பு, வசதிகள் சட்டம் (சட்டம் 446) தோட்டக் குடியிருப்புக்குப் போதுமான தண்ணீரை இலவசமாகக் கொடுப்பது முதலாளியின் கடமை என்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்க வேண்டும். பல தோட்டங்களில் அந்தக் கூட்டத்தில் காலணி, கையுறை, முகமூடி பேசுவதோடு தேநீர் குடித்துக் கலைந்து விடுகிறார்கள். அடுத்த கூட்டத்தில் கமிட்டித் தோழர்கள் தண்ணீரையும் பேசுங்கள். மருந்து கலக்கும் இடம் எங்கே, ஓடைப்பட்டை எந்த மரத்தோடு முடிகிறது, மழைநாளில் உரம் நிறுத்தினால் கூலி என்ன, கிணற்றுத் தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேட்டு, பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

கிணற்றுப் பரிசோதனைக்கு மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அணுகலாம். உங்கள் தோட்டத்து டிரசர் கடிதம் எழுதிக் கொடுப்பார். கிருமிக்கு மட்டும் பார்த்தால் போதாது, நைட்ரேட்டும் பார்க்க வேண்டும் என்று கடிதத்திலேயே கேளுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, உரம் போட்டுச் சில வாரம் கழித்து ஒருமுறை எடுப்பது நல்லது. மாதிரி எடுக்கும் போத்தலை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்; குளிர்பானப் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.